‘இக்’கும் ‘ஆ’வும் சேர்ந்தால் ‘இக்கா’

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 ஜூன் 2024

“ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது இன்னொன்று. அதனால்தான் அங்கே டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு. தமிழில் எழுதியபடியே படிக்கிறோம். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளை எதையும் படித்துவிடும். தமிழ்ப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்பது ஆங்கிலப் பள்ளிகள் கொண்டுவந்த வியாதி என்கிறேன். மறுக்க முடியுமா?”

9 ஜூன், இரவு

முடியும். என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மாலை வந்து உட்கார்ந்தால் போதும்.

22 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள் மாலையில் வருகிறார்கள். அவர்களில் அண்ணன் தங்கை இருவர். பெயர் வேண்டாம், பெரியவன், சின்னவள் என்றே சொல்கிறேன். பெரியவன் மூன்றாம் வகுப்பு. உயிர்மெய் வரிசையை மூச்சுவிடாமல் பாடுவான், ஓரெழுத்து பிசகாது. ஆனால் ‘படகு’ என்று எழுதி நீட்டினால், விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணுகிறான்: க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப. ஒன்பதாவது விரலில் ‘ப’ கிடைக்கிறது. அடுத்து ‘ட’வுக்காக மறுபடி ‘க’விலிருந்து. ‘கு’வுக்கு வந்து சேரும்போது ‘ப’ மறந்துபோயிருக்கும்.

மனப்பாடம் குறைவா? ஊரிலேயே அவனுக்குத்தான் அதிகம். ஆங்கிலப் பள்ளி வாசலை மிதித்தவனும் அல்லன். ஒன்றியப் பள்ளி மாணவன்.

10 ஜூன்

நேற்று கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன். உங்கள் கூற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில், படிக்கத் திணறும் பிள்ளைகள் தவறாகப் படிப்பது குறைவு. அவர்கள் மெதுவாகப் படிப்பார்கள், அவ்வளவுதான். ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு டிஸ்லெக்சியா மாணவர்களின் மூளையைப் படம்பிடித்து ஒப்பிட்டபோது, இத்தாலியர் மற்ற இருவரையும்விடச் சரியாகப் படித்தார்கள். மூளையில் தெரிந்த குறை மூவருக்கும் ஒரே இடத்தில்தான் இருந்தது. எழுத்துமுறை அதை மறைத்துவைக்கிறது, போக்கிவிடுவதில்லை.

‘ஆங்கிலப் பள்ளிகள் கொண்டுவந்த வியாதி’ என்பதற்கும் ஒரு வரி. டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கியது ரூடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், 1887இல். இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896இல் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெரியவன் முகம்தான் வந்தது. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன் அவன்.

12 ஜூன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்கென்றால் சரக்கு கலந்துவிடும்.

பலகையில் ‘க் + ஆ’ என்று எழுதி, என்ன வரும் என்றேன்.

“இக்கா.”

‘ம் + ஈ’?

“இம்மீ.”

சின்னவள் சிரித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் வழக்கம்போல “சரியாகப் பார்” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி. நாம் மெய்யெழுத்தை எப்படிச் சொல்லித் தருகிறோம்? இக், இங், இச், இஞ். தனியாக ஒலிக்க வராத மெய்க்கு முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு அனுப்புகிறோம். ‘இக்’கோடு ‘ஆ’வைக் கூட்டினால் ‘இக்கா’தானே வரும்? பெரும்பாலான பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அந்த இகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். சின்னவள் அப்படி. கழற்ற வேண்டும் என்பதே தெரியாத பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது.

22 ஆண்டுகளில் எத்தனை ‘இக்கா’க்களை உட்கார வைத்திருப்பேன் என்று கணக்குப் போட விரும்பவில்லை.

13 ஜூன்

தமிழாசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டார்: “மெய்யை அகரத்தோடு சேர்த்து இயக்க வேண்டும் என்றுதான் தொல்காப்பியம் சொல்கிறது, ‘இக்’ எங்கே சொல்லியிருக்கிறது?” உண்மை. ககரம், மகரம் என்பதே மரபு. ‘இக்’ வகுப்பறைச் சரக்கு. ஆனால் அகரம் சேர்த்தால் மட்டும் வம்பு தீருமா? ‘க + ஆ’வைக் கூட்டச் சொன்னால் ‘கஆ’ வரும். துணை யார் என்பதல்ல சிக்கல். துணைக்கு வந்தவரை எப்போது வழியனுப்புவது என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

15 ஜூன்

வல்லாரை தின்றால் படிப்பு வருமா என்று கேட்டு மூன்று கடிதம். துவையல் அருமையாக இருக்கும், சோற்றுக்கு. வண்ணக் கண்ணாடித் தாளை எழுத்தின்மேல் வைத்துப் படிப்பது பற்றியும் கேட்கிறார்கள். அதனால் படிப்பு வந்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. காசை வேறெதற்காவது வையுங்கள்.

18 ஜூன்

ஒலியை எப்படிப் பழக்குகிறேன் என்று கேட்டிருந்தவருக்கு.

என் கருவி புளியங்கொட்டை. ஒரு சொல்லைச் சொல்வேன். பிள்ளை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொட்டையை நகர்த்த வேண்டும். முதலில் அசை: ‘பட்டம்’ என்றால் பட்-டம், இரண்டு கொட்டை. இதைக் கைதட்டியும் செய்யலாம், அனேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். பிறகு தனித்தனி ஒலி: ப், அ, ட், ட், அ, ம். ஆறு கொட்டை. இங்கேதான் மூச்சு வாங்கும். கட்டம் போட்டு ஒலிக்கொரு வில்லை வைக்கும் இந்த முறை ரஷ்ய உளவியலாளர் எல்கோனினுடையது. புளி மட்டும் நம்முடையது.

அசை எளிது, ஒலி கடினம் என்பது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கதை அன்று. 1974இல் இசபெல் லிபர்மனும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் மேசையைத் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு வயதில் அசையைப் பிரித்தவர்கள் 46 விழுக்காடு, ஒலியைப் பிரித்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து வயதில் 48க்கு 17. முதல் வகுப்பு முடிவில் 90க்கு 70. இடையில் என்ன நடந்தது? படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதை நினைவில் வையுங்கள்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில்தான் பாதி வெற்றி. ‘க’வில் தொடங்காதீர்கள். வல்லினத்தில் க், ட், த், ப் எதையும் இழுத்துப் பிடிக்க முடியாது. வாய் திறந்தவுடன் முடிந்துபோகும். ‘ம்’மை இழுக்கலாம். ‘ல்’, ‘ழ்’, ‘ன்’ எல்லாம் இழுக்கலாம். ம்ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே வாயைத் திறந்தால் ‘மா’ தானாக விழும், நடுவே ‘இ’ நுழைய இடமே இல்லை. ஆகவே முதல் மாதம் முழுக்க மெல்லினமும் இடையினமும்தான்: மாமா, மயில், மழை, வயல், யானை, நரி. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஒப்பிக்க வைத்தேனே தவிர, இது பாடம் நடத்தும் வரிசை என்று எனக்கே தோன்றியதில்லை.

27 ஜூன்

பெரியவன் ‘மா’வைத் தாண்டினான். ‘மீ’யையும். ‘இம்மீ’ போய்விட்டது.

ஆனால் கடைசி ஒலிச் சோதனையில் தோல்வி. “‘மரம்’ என்று சொல், கடைசியில் என்ன கேட்கிறது?” என்றால் ‘அ’ என்கிறான். ‘அவன்’? அதற்கும் ‘அ’. மூன்று நாளாக இதே. காது மந்தமோ என்று சந்தேகம், மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

30 ஜூன்

மேலே உள்ள குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், என் முட்டாள்தனம் பதிவில் இருப்பது நல்லது.

காது மந்தம் அவனுக்கில்லை, எனக்கு. இன்று அவனுடைய அம்மா வாசலில் நின்று “மரத்தடியில் நிற்காதே” என்றும், பிறகு “மரம் விழுந்துவிடும்” என்றும் பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் அந்த ‘மரம்’ எப்படி ஒலிக்கிறது என்று முதல்முறையாகக் கவனித்தேன். உதடு மூடவே இல்லை. ‘ம்’ கிடையாது, கடைசி உயிர் கொஞ்சம் மூக்கில் ஏறி முடிகிறது, அவ்வளவுதான். ‘அவன்’ என்பதும் அப்படியே, நாக்கு மேலே தொடுவதில்லை. நாம் எல்லோரும் பேசுவது இப்படித்தான். எழுதத் தெரிந்த நமக்குக் கண் சொல்வதைக் காது கேட்டதாக நினைப்பு. அவன் கேட்டதைக் கேட்டபடி சொன்னான்.

எழுதியபடியே படிக்கிறோம் என்ற நண்பருக்கு இதுவே என் பதில். ‘இருக்கிறது’, ‘வாருங்கள்’ போன்ற சொற்களை வீட்டில் எந்தப் பிள்ளை கேட்கிறது? புத்தகத் தமிழை முதலில் காதுக்குப் பழக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் உரக்கப் படித்துக் காட்டுகிறேன், ‘ம்’முக்கு உதட்டை மூடிக் காட்டி.

காது மருத்துவரிடம் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு, போய்த்தான் வாருங்கள் என்று மறுபடி சொல்லி அனுப்பினேன். படிக்கத் திணறும் எந்தப் பிள்ளைக்கும் காதும் கண்ணும் பார்த்துவிடுவது நல்லது. போனார்கள். இரண்டும் நன்றாக இருக்கிறதாம்.

21 ஜூலை

இன்னொரு ஒப்புதல். அந்த ‘இக்கா’ நாளுக்குப் பிறகு பெரியவனுக்கு ஒலிதான், எழுத்தே காட்டுவதில்லை என்று வைத்திருந்தேன். முதலில் காது பழுக்கட்டும், பிறகு கண் என்பது என் கொள்கை. தவறு. ஐந்து வாரத்துக்கு மேல் பாழாக்கினேன்.

1979இல் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லுங்கள் என்றார்கள், பெரும்பாலோரால் முடியவில்லை. வயதான பிறகு எழுத்துக் கற்ற, அதே பின்னணி கொண்டவர்களால் முடிந்தது. ஆகவே ஒலியறிவு வந்த பிறகுதான் படிப்பு என்பதில் பாதிதான் சரி. படிக்கப் படிக்கவும் ஒலியறிவு வரும். லிபர்மனின் 17, 70 ஆனதும் இதனால்தான். கண்ணெதிரே எண்ணை வைத்துக்கொண்டே நான் பார்க்கவில்லை.

பிராட்லியும் பிரயன்டும் இங்கிலாந்தில் 1983இல் வெளியிட்டதும் இதைத்தான் சொல்கிறது. ஒலியை மட்டும் பழகியவர்களைவிட, அதே ஒலிகளை பிளாஸ்டிக் எழுத்துகளோடு பழகிய பிள்ளைகள் அதிகம் முன்னேறினார்கள். அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையும் எழுத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள் என்கிறது. சிறு குழுவாக, மொத்தமே 5 முதல் 18 மணி நேரம் வரை நடந்த பயிற்சிகள்தாம் அதிகப் பலன் தந்தனவாம். நான் எழுத்தைக் கண்ணில் காட்டாமல் அதைவிட அதிக நேரம் கொட்டை நகர்த்தியிருக்கிறேன்.

இப்போது புளியங்கொட்டைமேல் எழுத்தை ஒட்டிவிட்டேன்.

22 ஜூலை

கொட்டையில் பதினொன்று குறைகிறது. விசாரித்ததில், வறுத்துத் தின்றிருக்கிறார்கள்.

4 ஆகஸ்ட்

‘பம்பரம்’. எழுதிப் பாருங்கள், பிறகு தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாம் ‘ப’வும் ஒன்றா? இரண்டாவது அதிர்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகல்’ மூன்றிலும் ஒரே ‘க’ எழுத்து, மூன்று ஒலி. விதி இருக்கிறது: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்துக்குப் பின் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவே தளர்வு. பிள்ளை இதை விதியாகக் கற்பதில்லை. முதலில் வன்மையாகவே கூட்டிப் படித்துவிட்டு, ‘அட, இது நம் பம்பரம்’ என்று திருத்திக்கொள்கிறது. அதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்க வேண்டும். தெரியாத சொல்லென்றால் திருத்த ஆளில்லை.

பெரியவன் ‘பம்பரம்’ படித்தபோது கடைசியில் உதட்டை அழுத்தி மூடினான். வேண்டுமென்றே, என்னைப் பார்த்துக்கொண்டே.

18 ஆகஸ்ட்

ஒற்றைக்கொம்பு, துணைக்கால் தொல்லை. ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, போதாததற்குக் கால் ஒன்று அந்தப் பக்கம். இடமிருந்து வலமாகப் போ என்று பழக்கிய பிள்ளை கொம்பைப் பார்த்ததும் ‘எ’ என்கிறது, தவறென்று எப்படிச் சொல்வது? இந்த மூன்று உருவையும் ஒரே கொட்டையில் எழுதி ஒட்டினேன். பிரித்துப் பார்க்கவே வாய்ப்புத் தரவில்லை. ‘கௌதாரி’யை ‘கெளதாரி’ என்று படிப்பதற்கு மட்டும் நான் கொட்டை செய்யவில்லை. ஔகாரச் சொற்கள் எத்தனை இருக்கின்றன, வந்தபோது பார்த்துக்கொள்ளலாம்.

கு, சு, டு, து, மு என்று உகரத்துக்கு ஆளுக்கொரு வளைவு இருப்பதும் அப்படியே. அங்கே ஒலி எவ்வளவு தெரிந்தாலும் பயனில்லை, உருவத்தைக் கை பழக வேண்டும். மணலில் எழுத வைக்கிறேன். 1978இல் ணை, லை, னா போன்ற 13 எழுத்தைச் சீர்திருத்தியபோது இந்த உகரத்தையும் கவனித்திருக்கலாம் என்று ஓராசிரியை ஆசைப்படலாம்தானே. சண்டைக்கு வராதீர்கள், ஆசைதான்.

மணல் என்றதும் ஒன்று: சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதையும் சேர்த்து ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இப்போது ‘பல்புலன் பயிற்சி’ என்ற பெயரில் கட்டணத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

8 செப்டம்பர்

ல, ள, ழ பற்றிக் கேட்டவருக்கு: கைவசம் மருந்து இல்லை. எங்கள் பக்கம் ‘வாழைப்பழ’த்தை ‘வாளைப்பளம்’ என்றே சொல்கிறோம். வாயில் இல்லாத வேறுபாட்டைக் காதால் கண்டுபிடி என்று பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? எழுதி எழுதித்தான் படிய வேண்டும்.

ந, ன, ண மூன்றுக்கும் பாதி மருந்து உண்டு. அடுத்து வரும் வல்லினமே தன் மெல்லினத்தைத் தேர்ந்துகொள்ளும். பந்து, வண்டு, கன்று: ‘த’வுக்கு முன் ந், ‘ட’வுக்கு முன் ண், ‘ற’வுக்கு முன் ன். சொல்லும்போது நாக்கு எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்கச் சொன்னேன். பல், மேலண்ணம் என்று பெரியவன் வாய்க்குள் விரலை விட்டே பார்த்துவிட்டான். அன்று எழுதச் சொன்ன பத்தில் எட்டு சரி.

29 செப்டம்பர்

‘க’ பாஷை தெரியுமா? ஒவ்வோர் அசைக்கும் முன் ‘க’ போட்டுப் பேசுவது. ‘மாமா’ என்றால் ‘கமாகமா’. பெரியவர்களுக்குப் புரியாமலிருக்க நாங்கள் சிறுவயதில் பேசியது; இந்தத் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்னவள் அதில் பொரிந்து தள்ளுவாள். பெரியவன் எப்போதும் ஒதுங்கி நிற்பான். கூச்சம் என்று நினைத்திருந்தேன். சொல்லை அசை அசையாக உடைத்து நடுவே ஒன்றைச் செருகி மறுபடி ஒட்டும் வேலை அது. அவனுக்கு அந்த வேகத்தில் வரவில்லை. படிப்பில் வரும் தடையே விளையாட்டிலும்.

நேற்று அவன் எனக்குத் தெரியக் கூடாதென்று தங்கையிடம் மெதுவாக ஏதோ சொன்னான், ‘க’ பாஷையில். தடுக்கித் தடுக்கி. எனக்கு முழுக்கப் புரிந்தது. புரியாததுபோல் இருந்தேன்.

24 நவம்பர்

“இப்போது படிக்கிறானா?” என்று கேட்கிறீர்கள். படிக்கிறான், மெதுவாக.

மாலையில் முக்குச் சாலையில் பஸ் பலகை படிக்கும் விளையாட்டு வைத்தேன். ‘திருத்துறைப்பூண்டி’ வந்தது. தி, ரு, த், என்று கூட்டிப் ‘பூண்டி’ வருவதற்குள் பஸ் போய்விட்டது. சின்னவள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். அவனுக்கு அழுகை வரும் என்று பயந்தேன், வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே முந்திச் சொன்னான். எப்படி என்றேன். “முழுக்கப் படிக்க வேண்டாம், டீச்சர். ‘திரு’வுக்கு அடுத்தது பாருங்கள். ‘த்’ என்றால் பூண்டி. ‘ச்’ என்றால் திருச்சி. ‘வா’ என்றால் ஆரூர்.” புள்ளி வைத்த ‘த்’தைத் தனியாக, முன்னால் இகரம் இல்லாமல், நாக்கைப் பல்லில் வைத்து எடுத்துக் காட்டினான்.

இது படிப்பா, ஊகமா என்று எனக்குச் சந்தேகம். சோதிக்க, ‘திருவையாறு’ வந்தால் என்ன செய்வாய் என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.

“அந்த பஸ் இந்த வழியாக வராது, டீச்சர்.”